துயருற்ற தோழனை விசாரித்தீர்களா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனது ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



முஃமின்கள் ஒருவர் மீது ஒருவர் கொண்ட அன்பிலும் இரக்கத்திலும் ஓர் உடலைப் போன்றவர்கள். அவ்வுடலில் ஓர் உறுப்பு நோயுற்றால் மற்ற உறுப்புகள் எல்லாம் உறக்கமின்றிக் காய்ச்சலில் பங்கு கொள்கின்றன என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. எத்தனையோ பயான்களில் நாம் இதைக் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கண் கலங்கியும் இருக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலில் முள் தைத்தால் கண் விழித்திருப்பது மட்டும் போதுமா? விழித்த கண் முள் எங்கே என்று தேடுகிறது. கை குனிந்து அதை எடுக்கிறது. எடுத்த பின்னும் புண் ஆறும்வரை உடல் அந்தக் காலை ஊன்றாமல் பார்த்துக் கொள்கிறது. கவலைப்படுவது ஒன்று, கவலைக்குரிய கடமையைச் செய்வது மற்றொன்று. நம்மில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். இதை எழுதும் அடியேனும் அவ்வாறு நின்றவன்தான். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய மழையைவிட அதிகமானது காயலில் ஒரே நாளில் பெய்துவிட்டது! தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. சாலைகள் அறுந்தன. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துச் செல்லப்பட்டன. மின்சாரம் நின்றது, தொலைபேசியும் ஊமையாயிற்று.

காயல்பட்டினத்து மக்கள் சென்னையிலும், இலங்கையிலும், அரபு நாடுகளிலும், ஹாங்காங்கிலும் பரவி வாழ்பவர்கள் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த நாட்களில் அவர்களும், அவர்களுடைய சிநேகிதர்களும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. உம்மா மாடிக்கு ஏறினார்களா? வாப்பாவின் மருந்து கையில் இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் பால் கிடைத்ததா? ஒன்றும் தெரியாது. ஒருவருக்கொருவர் கேட்டுக் கொண்டார்கள். தெரிந்த தெரு, தெரிந்த வீடு என்று விசாரித்தார்கள். தொழுது துஆச் செய்தார்கள்.

அடியேனுக்கும் அந்த ஊரில் ஒரு தோழர் உண்டு. ஓதும் காலத்திலிருந்து பழக்கம். என்னைவிட மூத்தவர்; காக்கா என்றே அழைப்பேன். நான்கு நாட்கள் அவருடைய குரல் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசி கிடைத்தது. "காக்கா, எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் ஹைர் தம்பி. துஆச் செய்யுங்கள்" என்றார். எனக்கு உயிர் திரும்பியது போலிருந்தது. இரண்டு ரக்அத் தொழுதேன். அதோடு மறந்தும் போனேன்.

ஏழு மாதங்களுக்குப் பின் ஒரு நிகாஹ்வில் அவருடைய மருமகனைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: வீட்டில் மார்பளவு தண்ணீர் நின்றதாம். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த துணிமணிகள் சேற்றில் போயின. கடையில் இருந்த சரக்கு ஊறி வீணாயிற்று. கடன் வாங்கித்தான் கடையைத் திறந்தாராம். நாற்பது வருடமாகச் சேர்த்த கிதாபுகளை மாடியில் விரித்து வெயிலில் காய வைத்தாராம். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தனவாம். "நீங்கள் ஒருவராவது திரும்ப விசாரிப்பீர்கள் என்று மாமா இருந்தார்கள்" என்றார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. உயிர் தப்பியதை ஹைர் என்றார். முஃமின் அப்படித்தான் சொல்வான். அந்தச் சொல்லைச் சாக்காக வைத்துக் கொண்டு ஓய்ந்தது நான்தான்.

சகோதரர்களே! திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 273ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். கேட்கக் கூச்சப்படும் ஏழைகளைப் பற்றி அல்லாஹ் அங்கே கூறுகின்றான். அவர்களின் தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிக் கொள்வான்; நீரோ அவர்களுடைய முகக் குறியால் அறிந்து கொள்வீர்; அவர்கள் மனிதர்களை வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள் என்பது அதன் கருத்து. இதில் அறியாதவன் என்று சொல்லப்படுபவன் யார்? தோழரின் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு, அவர் முகத்தைப் பாராதவன். அன்று அந்த அறியாதவன் நானாக இருந்தேன்.

நாயகம் (ஸல்) அவர்களின் முன்மாதிரி

மழையால் துன்பம் வந்தபோது நமது நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறையை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு ஜும்ஆ நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக் கொண்டிருக்க, ஒருவர் வந்து வறட்சியால் பிராணிகள் மடிவதையும், வழிகள் அடைபட்டதையும் முறையிட்டார். அவர்கள் கைகளை உயர்த்தி மழை வேண்டினார்கள். மேகமே இல்லாதிருந்த வானத்தில் மேகம் திரண்டது. ஒரு வாரம் சூரியனையே காணவில்லை. அடுத்த ஜும்ஆவில், அதே குத்பா வேளையில் ஒருவர் எழுந்து, பொருட்கள் அழிந்தன, வழிகள் அறுந்தன, மழையை நிறுத்தும்படி துஆச் செய்யுங்கள் என்றார். வீடுகள் இடிந்தன என்றும் அறிவிப்பில் வருகிறது. உடனே நாயகம் (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, எங்கள் மீதல்ல, எங்களைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியச் செய்வாயாக என்ற கருத்தில் இறைஞ்சினார்கள். மழை விலகிற்று. மக்கள் வெயிலில் நடந்து சென்றார்கள்.

இதில் எத்தனை பாடங்கள்! துன்பத்தைச் சொல்ல வந்தவருக்காகக் குத்பாவே நின்றது. நீங்கள் செய்த பாவம்தான் இப்படி வந்தது என்று அவரிடம் கூறப்படவில்லை. போன வாரம் மழை கேட்டீர்களே என்று கடிந்து கொள்ளப்படவும் இல்லை. கேட்டார்கள்; கையேந்தினார்கள். அவ்வளவுதான். இன்று வெள்ளம் வந்த ஊரைப் பார்த்து, இது இன்ன பாவத்துக்குத் தண்டனை என்று தீர்ப்புக் கூறுவோர் இந்த ஹதீஸை ஒருமுறை ஓதட்டும். நீரில் மூழ்கி இறந்தவரும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீதுகளின் வரிசையில் எண்ணப்படுவர் என்று நாயகம் (ஸல்) அவர்களே நன்மாராயம் கூறியிருக்க, அவர்களைக் குற்றவாளிகளாக்க நாம் யார்?

விசாரிப்பதன் ஒழுங்குகள்

நோயாளியை விசாரிக்க ஒழுங்கு இருப்பதுபோல், ஆபத்துக்குள்ளானவரை விசாரிக்கவும் ஒழுங்குகள் உண்டு.

முதலாவது, செய்தியைத் தீர விசாரித்த பின்னரே பரப்ப வேண்டும். ஒரு செய்தி வந்தால் தெளிவு செய்துகொள்ளுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்துவீர்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. வெள்ளக் காலத்தில் ஏரி உடைந்தது, இன்ன தெருவில் இத்தனை பேர் மௌத்து என்றெல்லாம் செய்திகள் பறக்கும். தூரத்தில் இருக்கும் ஒரு தாய் அதைக் கேட்டு நெஞ்சடைத்துப் போனால் யார் பொறுப்பு? கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதுமானது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

இரண்டாவது, கை எட்டாதபோது துஆ எட்டும். தன் சகோதரனுக்காக அவன் அறியாமல் துஆச் செய்பவனுக்கு ஒரு மலக்கு ஆமீன் கூறி, உனக்கும் அவ்வாறே ஆகட்டும் என்கிறார் என்பது ஹதீஸ். கடல் கடந்து இருப்பவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் கை எட்டும்போது துஆவை மட்டும் அனுப்பி வைப்பது தப்பித்தல்.

மூன்றாவது, என்ன வேண்டும் என்று கேட்டுக் காத்திராதீர்கள். மானமுள்ளவர் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்வார். வீட்டைக் கழுவ இரண்டு ஆட்களுடன் நான் வருகிறேன், பிள்ளைகளின் பாடப் புத்தகம் என் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள். அவரால் மறுக்க முடியாது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதை நோகச் செய்தும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்கின்றான். வாங்குபவரின் முகத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவதும் அந்தத் தடையில் சேருமா இல்லையா என்று உங்கள் உள்ளத்தையே கேட்டுக் கொள்ளுங்கள்.

நான்காவது, பங்கிட்டுக் கொள்ளுங்கள். யமன் தேசத்து அஷ்அரீ கோத்திரத்தார், உணவு குறைந்தால் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பகிர்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைச் சிறப்பித்தார்கள். ஹிஜ்ரி 18இல் பஞ்சம் வந்தபோது, மக்களின் துயர் தீரும்வரை நெய்யைத் தொடுவதில்லை என்றிருந்தார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள்.

ஜகாத் பெறுவோரில் கடனில் மூழ்கியவரும் வழிப்போக்கரும் உண்டு. நேற்றுவரை கொடுத்தவர் இன்று வாங்கும் நிலையில் இருக்கலாம். ஜகாத்தை வேற்றூருக்கு அனுப்புவது பற்றி நமது ஷாஃபிஈ மத்ஹபில் கட்டுப்பாடு இருப்பதால் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஸதகாவுக்கோ ஊர் எல்லையும் இல்லை. மார்க்க எல்லையும் இல்லை.

அதே வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். புதுக்குடி கிராமத்து மக்கள் தம் கையிலிருந்ததைச் சமைத்து அந்த முன்பின் அறியாத பயணிகளுக்கு உணவளித்தார்கள். நம் மார்க்கத்தைச் சேராத அந்த மக்கள், வழிப்போக்கரின் ஹக்கை நமக்கு நடத்திக் காட்டினார்கள். முன்பின் அறியாதவருக்கு அவர்கள் செய்தது அது. நாற்பது வருடத் தோழருக்கு நான் செய்தது என்ன?

ஐந்தாவதும் முக்கியமானதுமாகும் இது: திரும்பவும் விசாரியுங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். சோற்றுப் பொட்டலமும் பாயும் போர்வையும் குவியும். மூன்றாம் மாதம் கடன்காரன் மட்டுமே வருவான். அப்போது கதவைத் தட்டுபவனே தோழன்.

நான் அந்தக் காக்காவைக் காணச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "வந்தீர்களே தம்பி, அதுவே பெரிது" என்று தேநீர் கொடுத்தார். ஒட்டிப்போன கிதாபுகளில் பிரிக்க முடிந்தவற்றை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். இப்போது மாதம் ஒருமுறை போகிறேன்.

மறுமையில் அல்லாஹ் ஓர் அடியானிடம், நான் நோயுற்றேன், நீ என்னை விசாரிக்க வரவில்லையே. நான் பசித்தேன், நீ உணவளிக்கவில்லையே என்று கேட்பான் என ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. நீயோ அகிலத்தின் ரட்சகன், உனக்கு எப்படி என்று அடியான் திகைப்பான். இன்ன அடியானிடம் நீ சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்பான் இறைவன். ஆக, வெள்ளம் புகுந்த அந்த வீட்டு வாசலில் யாரை நாம் தவற விடுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்து முடித்ததும், எல்லாம் ஹைர் என்று உங்களிடம் சொன்ன ஒருவரை நினைவுகூருங்கள். இன்றே அவரைத் திரும்ப விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! நீரால் வீடிழந்தோருக்கு வீட்டையும், உறவிழந்தோருக்குப் பொறுமையையும், கடன்பட்டோருக்கு விடுதலையையும் தந்தருள்வாயாக! துயருற்றவரைத் தேடிச் செல்லும் கால்களையும், சொல்லாத துயரை அறியும் உள்ளத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!