விலங்குக்காக விதைப்பது தானமாகுமா?

காட்டு விலங்குகள் மேய்வதற்கென்றே ஒரு துண்டு நிலத்தை உழுது விதைக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் பரவலாக உண்டு. வெள்ளைக் குளோவர், சிவப்புக் குளோவர் போன்ற மூவிலைப் பயறினச் செடிகளோடு ரை, ஓட்ஸ், முள்ளங்கி விதைகளைக் கலந்து தூவுவார்கள். குளோவரின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தரும். தானியப் பயிர்களின் சல்லிவேர் மண் அரித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும். மானும் காட்டு வான்கோழியும் தேடி வந்து மேயும். இப்படி விதைப்பவர்களில் விலங்கு பசியாறினால் போதும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வேட்டைப் பருவம் தொடங்கியதும் அதே வயலோரம் பரண் கட்டித் துப்பாக்கியோடு காத்திருப்பவர்களும் உண்டு. இரு சாரார் வயலிலும் விதை ஒன்று, விளைச்சல் ஒன்று, மேய்ச்சலும் ஒன்று. செயலும் ஒன்றுதானா? கொடைக்கும் கண்ணிக்கும் இடையிலான எல்லை விதையில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்பதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. 2019 நவம்பர் 26-இல் உருவான இந்த மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. அங்கே காடும் விளைநிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. கிழக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் சமணரின் அப்பாண்டைநாதர் கோயில். வடக்கே திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே, நண்பன் பாரி மறைந்தபின் புலவர் கபிலர் உயிர்நீத்த இடமென்று போற்றப்படும் கபிலர் குன்று. பக்கத்து மாவட்டத்தில் வள்ளலாரின் வடலூர். உயிர்களுக்குச் சோறிடுவது பற்றித் தமிழர் எண்ணிய பெரிய எண்ணங்கள் பலவும் இந்த வட்டாரத்தில் தடம் விட்டிருக்கின்றன.

குளோவர் குளிர்நிலச் செடி. நீலகிரி போன்ற உயரங்களில் அது வளரும். கல்வராயனின் வெயிலுக்கு ஒத்துவராது. ஆனால் அது செய்யும் வேலையைச் செய்ய இங்கே செடிகளுக்குப் பஞ்சமில்லை. கொள்ளு, தட்டைப்பயறு, நரிப்பயறு, மொச்சை, துவரை, சணப்பை, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி எல்லாமே பயறினம். எல்லாமே மண்ணுக்குத் தழைச்சத்து தருபவை. சாமையோடு துவரையும் மொச்சையும் கலந்து விதைப்பது மலைவேளாண்மையின் பழைய முறை. இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் (1938–2013) தமிழ்நாடெங்கும் கொண்டுசென்ற பலதானிய விதைப்பும் இதே வழியில் வந்தது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் உரப்பயிர் ஆகிய ஐந்து வகைகளிலும் நந்நான்கு விதை எடுத்துத் தூவி, 45 முதல் 60 நாளில் பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுவார்கள். அந்தப் பயிரில் மனிதன் ஒரு மணியும் அறுப்பதில்லை. உண்பவை மண்புழுவும் நுண்ணுயிரும்தான். விலங்குக்காக விதைக்கும் அமெரிக்க வயலுக்கு நம்மூரில் மிக நெருங்கிய உறவு இதுவே: இரண்டிலும் விதைத்தவன் உண்பதில்லை, பிற உயிர் உண்கிறது.

இதிலும் ஓர் உறுத்தல் உண்டு. பூவெடுத்து நிற்கும் பயிரை, அதில் தேனெடுக்கும் வண்டுகளோடும் அடியில் ஒண்டியிருக்கும் பூச்சிகளோடும் சேர்த்துக் கலப்பையில் மடக்குவது கொலையாகாதா? சமணம் இதை மிகக் கூர்மையாகக் கேட்ட சமயம். மண்ணையும் நீரையும்கூட ஓரறிவு உயிர்களின் உடலாகக் காண்கிற அதன் பார்வையில் உழவு தீங்கற்ற தொழிலாக இருக்க முடியாது. ஆனாலும் முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவரே மனிதருக்கு உழவைக் கற்பித்தார் என்பதும் அதே சமயத்தின் மரபு. தமிழ்ச் சமணருள் பலர் தலைமுறை தலைமுறையாக உழவர்களாகவே வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

இந்த முரணைச் சமணம் மழுப்பவில்லை. வகை பிரித்துக் காட்டியது. இல்லறத்தாரின் இம்சையை அது நான்காக்குகிறது. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன் உடைமையையும் காக்கும்போது நேர்வது விரோதி. கொல்ல வேண்டுமென்று எண்ணியே செய்வது சங்கல்பி. முதல் மூன்றையும் இல்லறத்தார் முழுதும் தவிர்க்க இயலாது, குறைத்துக்கொள்ளத்தான் முடியும். நான்காவது அவர்களுக்கு முற்றிலும் விலக்கு. கேட்ட கேள்விக்கு இதில் தெளிவான விடை கிடைக்கிறது. பலதானியத்தை மடக்கி உழுவது உத்யோகி. சாமைக் கொல்லையில் புகுந்த பன்றியை விரட்டுவது விரோதி. மானைச் சுடுவதற்காகவே பயறு விதைத்தால், விதை கையிலிருந்து விழும்போதே அது சங்கல்பி ஆகிவிடுகிறது. துப்பாக்கி வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளைச்சலைக் கொண்டு செயலை அளக்காமல் எண்ணத்தைக் கொண்டு அளக்கும் இந்த அளவுகோல் பழமையின் ஆழம் கொண்டது; இன்றைய வயலுக்கும் பிசகாமல் பொருந்துகிறது.

வைதிக மரபு வேறு வழியில் வந்தது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தாலும் இல்லறத்தார் அறியாமல் உயிர்களைக் கொல்கிறார்கள், அதற்கு ஈடாக ஐந்து வேள்விகள் செய்ய வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. அவற்றில் ஒன்று பூதயக்ஞம், அதாவது பிற உயிர்களுக்குச் சோற்றில் ஒரு பங்கு வைத்தல். உணவைக் கடனாகக் கண்டது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் அந்தப் பங்கைப் பெறுவோர் பட்டியலில் நாயோடும் காக்கையோடும் புழுவோடும் சில மனிதர்களையும் சேர்த்து நிறுத்தியது மன்னிக்க முடியாத கொடுமை. 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார் அந்தப் பட்டியலையே துடைத்தெறிந்தார். பசிதான் அங்கே தகுதி. யாருடைய பசி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

திருக்குறளின் நிலை இவற்றினும் நுட்பமானது. இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தாரின் கடமைக்குரியவர்களாக வள்ளுவர் சொல்லும் ஐவர் முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். அந்த வரிசையில் விலங்கு இல்லை. ஆனால் கொல்லாமை அதிகாரத்துக்கு வரும்போது, கிடைத்ததைப் பகுத்து உண்டு பல உயிரையும் காப்பதே நூலோர் தொகுத்த அறங்களில் தலையானது என்று அவரே வைக்கிறார். உழவு அதிகாரத்தில் மறுபடி ஒரு திருப்பம்: எருவிட்டு, களை பறித்தபின், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காவல் காப்பது நன்று என்கிறார். பகிர்ந்து உண் என்பவரும் அவரே, பயிரைக் காத்துக்கொள் என்பவரும் அவரே. இரண்டும் மோதவில்லை. காக்கப்பட்ட விளைச்சல்தான் ஒருவனுடைய பொருள். தன் பொருளைத்தான் ஒருவன் பகிர முடியும். காவலே இல்லாத கொல்லையில் பகிர்வும் இல்லை, பறிபோதல்தான் உண்டு.

குறிஞ்சித் திணையின் பாடல்கள் முழுக்க இந்தக் காவல் நிறைந்திருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி தினைப்புனம் காக்கவே அனுப்பப்படுகிறாள். தட்டையும் குளிரும் கிளி ஓட்டும் கருவிகள். முருகன் வள்ளியைக் கண்டதும் அவள் பரண் மீதிருந்து தினை காத்தபோதுதான். தெய்வத்தின் துணைவியே செய்த வேலையைப் பாவம் என்று எந்தத் தமிழனும் சொன்னதில்லை. அந்தக் காவலின் நோக்கம் விரட்டுவது, அழிப்பது அன்று. கிளிக்குக் கதிர் மறுக்கப்பட்டது, காடு மறுக்கப்படவில்லை. இதே கபிலரின் நண்பனான பாரிதான் படரக் கொம்பில்லாமல் துவண்ட முல்லைக்குத் தேரை விட்டுச் சென்றவன். முல்லை கேட்கவில்லை, திருப்பித் தரவும் அதனிடம் ஒன்றுமில்லை. எதையும் எதிர்பாராத கொடைக்குத் தமிழில் அதைவிடப் பெரிய சான்று இல்லை.

ஆனால் பாரி மன்னன். கல்வராயனின் சாமை விவசாயி மன்னன் அல்லர். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைக் கணக்கில் ஜாகிர்தார்களுக்கு வரியும் உழைப்பும் கொடுத்து வாழ்ந்தவர்கள். சரிவில் சாமையோ மரவள்ளியோ வைத்திருக்கும் குடும்பத்தின் கொல்லையில் ஒரே இரவில் பன்றிக்கூட்டம் புகுந்தால் அந்த ஆண்டின் கஞ்சி போகிறது. காட்டுப்பன்றியைக் கொல்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2025-இல் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். காட்டை ஒட்டியே ஊர்கள் இருக்கும் மலையில் இதன் பொருள், விவசாயியிடம் எஞ்சுவது வள்ளியின் தட்டையும் பரணும் மட்டுமே என்பது.

அந்தக் குடும்பத்திடம் போய், பல்லுயிர் ஓம்பியதாக நினைத்துக்கொள் என்று சொல்வது அறம் அல்ல. கொடுப்பவர் மனமறிந்து கொடுப்பதே தானம். அறியாமல் இழந்ததும் தடுக்க வழியின்றி இழந்ததும் தானக் கணக்கில் சேராது. காட்டுயிர் வாழ வேண்டும் என்று விரும்புவது சமூகம் முழுதும். அந்த விருப்பத்தின் விலையை மலைமேல் இருக்கும் சிலர் மட்டும் தானியமாகச் செலுத்துகிறார்கள் என்றால், கொடுத்த பெயர் நகரத்தாருக்கும் பசி அவர்களுக்கும் போகிறது.

அப்படியென்றால் காட்டோரத்தில் விலங்குக்கென்றே கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்துவிட்டால் கொல்லை தப்புமா? இங்கே எச்சரிக்கை வேண்டும். இளந்தளிர் கிடைக்கும் இடத்துக்கு விலங்கு பழகிவிடும். பழகியது பக்கத்துக் கொல்லையையும் கண்டுகொள்ளும். மலைச்சாலைகளில் பழமும் பிஸ்கட்டும் வாங்கித் தின்று பழகிய குரங்குகள் கைப்பையைப் பறிக்கின்றன, வண்டியில் அடிபடுகின்றன. அன்போடு கொடுத்த உணவே அவற்றின் காட்டை அவற்றிடமிருந்து பறித்துவிட்டது. வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போடுவது கடமை. அது நம்மை நம்பி வாழ்கிறது. காட்டு விலங்கு நம்மை நம்பி வாழவில்லை, அப்படி வாழும்படி செய்வதும் நன்மையல்ல. அதற்குத் தர வேண்டிய பங்கு, அதன் காட்டிலேயே அதற்கான நாவலும் அத்தியும் மூங்கிலும் புல்லும் அழியாமல் இருப்பது. உண்ணிச்செடி மூடிய காட்டில் அந்தச் செடியை அகற்றிப் புல் முளைக்க விடுவது, கொல்லையோரம் நூறு ஏக்கர் பயறு விதைப்பதைவிட மேலான கொடை.

ஆகவே விலங்குக்காக விதைப்பது மூன்று நிபந்தனைகளில் மட்டுமே தானமாகும். உண்ண வரும் உயிரைப் பிடிக்கவோ கொல்லவோ எண்ணம் இருக்கக் கூடாது. அந்த உணவு அதன் காட்டுவாழ்வைக் குலைக்கக் கூடாது. கொடுப்பது கொடுப்பவருடைய பொருளாக இருக்க வேண்டும், ஏழையின் கஞ்சியாக இருக்கக் கூடாது. கல்வராயனில் இன்று தவறிப்போவது மூன்றாவதுதான். பன்றி தின்ற சாமைக்கு உரிய இழப்பீடு, அடுத்த விதைப்புக்கு முன்பே அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்து சேர வேண்டும்.