அளப்பவனின் அறம்

பிறர் பொருளுக்கு விலை கூறுதல் எளிது. கூறிய விலைக்குப் பொறுப்பேற்றல் அரிது. சந்தையில் காய்கறிக்கு விலை கேட்பவன், அது ஒவ்வாவிடில் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். ஆனால், ஊராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு அலுவலர் நம் வீட்டுக்கு ஒரு மதிப்பைக் குறித்துவிட்டால், அந்த எண் வரிச்சீட்டாகி நம் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்து சேரும். அங்கே வாங்குவாரும் இலர், விற்பாரும் இலர், விலை மட்டும் உண்டு. அத்தகைய விலையை உரைக்கும் பணிக்குரிய அறம் யாது? இரக்கம் காட்டுவதா, இரக்கத்தைக் கட்டி வைப்பதா?

இவ்வினாவை என் மனத்தில் விதைத்தவர் எங்கள் தாமானில் வாழும் மூதாட்டி ஒருவர். ஜொகூர் பாருவின் புறத்தே உள்ள அந்தச் சிறிய வரிசை வீட்டை, அவரும் கணவரும் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தையும் சேமநிதியையும் கொண்டு வாங்கினர். மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் பின்புறம் ஓர் அறையும் கட்டினர். கணவர் மறைந்தார், மகள் தொலைவில் குடியேறினாள், அறை எஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஒருவர் அளவுநாடாவுடன் வந்தார். மூதாட்டி துணைக்கு என்னை அழைத்திருந்தார். "மகனே, வருமானம் இல்லாதவள் நான். அந்தப் பின்னறையை மட்டும் எழுதாமல் விட்டுவிடேன்" என்று மலாய் மொழியில் கெஞ்சினார். இளைஞர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு நாடாவை நீட்டி அளந்து எழுதிக்கொண்டார். வைத்த தேநீரைப் பருகாமலேயே விடைபெற்றார்.

ஈரமற்ற நெஞ்சம் என்று அன்று நான் சினந்தேன். அந்தச் சினம் சரிதானா என்பதைப் பின்னாளில்தான் எண்ணிப் பார்த்தேன்.

தீபகற்ப மலேசியாவில், மக்கள் 'சுக்காய் பிந்து' என வழங்கும் மதிப்பீட்டு வரிக்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம். வரியில் இரண்டு கைகள் உள்ளன. சொத்தின் மதிப்பைக் குறிப்பது ஒரு கை. அம்மதிப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வரி என்று முடிவு செய்வது மற்றொரு கை. எல்லா வீடுகளின் மதிப்பும் இரட்டித்து, வரி விழுக்காடு பாதியாகக் குறைந்தால் எவருடைய வரியும் உயராது. ஆகவே, ஊர் மொத்தமாக எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை மதிப்பிடுபவர் தீர்மானிப்பதில்லை. அச்சுமையில் யார் பங்கு எவ்வளவு என்பதே அவர் எழுத்தால் அமைகிறது. அவர் நமக்கும் அரசுக்கும் இடையே நிற்பவர் என்று கருதுகிறோம். உண்மையில் அவர் நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் இடையே நிற்பவர்.

மூதாட்டியின் அடுத்த வீட்டில் லாரி ஓட்டுநர் ஒருவர் மூன்று பிள்ளைகளுடன் வாழ்கிறார். அவருக்குப் பின்னறை இல்லை. கட்ட வசதியும் இல்லை. மூதாட்டியின் அறையை எழுதாது விட்டிருந்தால் இரு வீடுகளும் ஏட்டில் ஒன்றாகியிருக்கும். காட்டிய இரக்கத்தின் ஒரு பகுதியை, தம்மை யாரும் கேளாமலேயே, அந்த ஓட்டுநர் சுமந்திருப்பார். மறைவாகச் செய்யும் தருமம் பெரும்பாலும் பிறர் பணத்தில் செய்யும் தருமமே. அன்றியும், கெஞ்சத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் சலுகை கூச்சமுடையவருக்குக் கிடைப்பதில்லை. நாளடைவில் அது கையூட்டுக் கொடுக்க வல்லவருக்கே உரியதாகிவிடும். நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், சான்றோருக்குத் துலாக்கோலை உவமையாக்கியது இக்காரணம் பற்றியே போலும்!

இதே காரணத்தால், அளக்காமல் விடுவதும் அநீதியாகும். மதிப்பீட்டுப் பட்டியலை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் கூறினும், அக்காலத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு இடமளிக்கிறது. பட்டியல் முதுமை அடைந்தால், விலை விரைந்து ஏறிய பகுதியின் செல்வர் பழைய மதிப்பில் வரி செலுத்துவர். விலை தேங்கிய பகுதியின் எளியவர் தம் பங்கைவிட மிகுதியாகச் செலுத்துவர். எவரும் பொய் எழுதாமலேயே ஏடு பொய்யாகிவிடும்.

அங்ஙனமாயின், துல்லியமாக அளந்துவிட்டால் அறம் நிறைவுற்றதா? இல்லை.

தீபகற்பத்தின் ஏனைய மாநிலங்களில், ஒரு வீட்டுக்கு ஓராண்டில் எவ்வளவு வாடகை கிடைக்கும் என்பதே மதிப்பின் அடிப்படை. ஜொகூரில் மட்டும், வீட்டையும் நிலத்தையும் விற்றால் என்ன விலை போகும் என்பதே அளவுகோல். விற்க விருப்பமும், ஆனால் விற்றாக வேண்டிய கட்டாயம் இன்மையும் உடைய ஓர் உரிமையாளரைச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது. எங்கள் மூதாட்டியோ விற்க விரும்பாதவர். கணவர் நட்ட கருவேப்பிலை மரத்தடியிலேயே கண்மூட விரும்புகிறவர். 1924இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரின் செல்வம் இக்கரையின் வீட்டு விலைகளையும் உயர்த்துகிறது. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டமும் நிலத்தின் மீது பலர் கண்களைத் திருப்பியது. வீட்டின் விலை ஏறுகிறது. அதனுள் வாழ்பவரின் அரிசிப்பானை நிறைவதில்லை. விற்றால்தான் கைக்கு வரும் செல்வத்துக்கு, விற்காதவர் வரி செலுத்துகிறார்.

இங்கே இரக்கம் தேவை, ஐயமில்லை. அது பிறக்க வேண்டிய இடம் அளவுநாடா அன்று; ஆட்சி மன்றம். வரி விழுக்காட்டைக் குறைக்கவும், இன்னின்னாருக்கு விலக்கு அளிக்கவும் சட்டத்தில் வழியுண்டு. வழிபாட்டு இல்லங்கள், இடுகாடுகள், பொதுப் பள்ளிகள் போன்றவற்றுக்கு வரிவிலக்கு அளிக்கவும் அது இடம் தருகிறது. இது புதிய எண்ணமும் அன்று. முதலாம் இராசராசன் தன் நாட்டு நிலத்தை நுட்பமாக அளக்கச் செய்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நிலப்பரப்பை மிகச் சிறு பின்னங்கள் வரை குறிக்கின்றன. அதே கல்வெட்டுகள், குடியிருப்பு, கோயில், குளம், சுடுகாடு முதலியவற்றை வரிக்குரிய நிலத்தினின்று நீக்கியும் காட்டுகின்றன. முதலில் ஒன்றையும் விடாமல் அளந்தனர். பின்னர் இன்னவை இறையிலி என ஊரறியக் கல்லில் வெட்டினர். அளவில் பொய்யில்லை; விலக்கில் ஒளிவில்லை.

அளப்பவருக்கு மற்றொரு கடமையும் உண்டு. தாமும் தவறக்கூடும் என்று ஒப்புவதே அது. புதிய பட்டியல் வந்தால், திருத்தத்துக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் எவரும் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். அம்முடிவிலும் நிறைவில்லை எனில் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில், இழப்பீட்டுத் தொகை பற்றி மதிப்பீட்டாளர்கள் கூறுவதே முடிவானது என்று ஒரு சட்டப்பிரிவு இருந்தது. 2017இல் செமினி ஜெயா நிறுவனத்தின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், தீர்ப்பளிக்கும் அதிகாரம் நீதிபதிக்கே உரியது எனக் கூறி அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அறிவு எத்துணைச் சிறந்ததாயினும், கேள்விக்கு அப்பாற்பட்டால் அது அதிகாரமாகிவிடும் என்பதே நாம் அதனின்று கற்கும் பாடம்.

மூதாட்டியின் வீட்டுக்கும் அறிவிப்பு வந்தது. முன்புறத்துத் தகரக் கூரையும் கட்டப்பட்ட அறையாகக் குறிக்கப்பட்டிருந்தது. நானே மறுப்பை எழுதிக் கொடுத்து, அவருடன் விசாரணைக்கும் சென்றேன். தகரக் கூரை பற்றிய பிழை திருத்தப்பட்டது. பின்னறை மட்டும் ஏட்டில் அப்படியே இருந்தது, இருக்கத்தான் வேண்டும். திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "தம்பி, அறையை எழுதினது சரி. எனக்கு வருமானம் இல்லை என்பதை எந்தத் தாளில் எழுதுவார்கள்?"

மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடமில்லை. அந்த இளைஞர் அன்று மௌனமாக நின்றது இதனால்தானோ என்னவோ! அவர் தம் கடமையைச் செய்தார். ஆனால் அம்மூதாட்டியின் கேள்வி மன்றத்தில் ஒலிக்க வேண்டிய கேள்வி. அதனை அங்கே கொண்டு சேர்க்கும் கடமை, அவர் மீது சினந்து நின்ற என் போன்ற அண்டை வீட்டாருடையது. விலக்கு வேண்டி ஒரு விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன் அடியில் முதற் சாட்சியாகக் கையொப்பமிட்டவர், அடுத்த வீட்டு லாரி ஓட்டுநர்.