தற்சார்பு அறமா? செந்தூல் மனை ஒன்றின் கணக்கு

வீட்டு மனையில் பயிரிட்டு, மழைநீரைச் சேர்த்து, சமையற்கழிவை எருவாக்கி, கடையை நம்பாமல் வாழ முயல்வதை நகரத்தில் பலர் ஓர் அறவாழ்க்கையாகவே கருதுகிறார்கள். அந்த முயற்சியில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒரு குடும்பம் தன் மனையை மட்டும் நம்பி வாழ முடியுமா என்பது ஒன்று. முடிந்தாலும், பிறரைச் சாராமல் இருப்பது அறமாகுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உரசிப் பார்க்கக் கோலாலம்பூரின் செந்தூல் ஏற்ற இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரயில்வேயின் மத்தியப் பட்டறை இங்கே அமைந்தது. அதைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர்கள் குடியேறிய பகுதி, இன்று வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கும் நகர்ப்புறம்.

முதலில் கணக்கு. வரிசை வீட்டு மனை 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். வீடும் கார் நிறுத்துமிடமும் போக முன்னும் பின்னுமாக 30 சதுர மீட்டர் மிஞ்சினால் பெரிது. ஹெக்டேருக்கு 4 டன் நெல் என்ற நல்ல விளைச்சல் அப்படியே கிடைத்தாலும், அந்த இடத்தில் 12 கிலோ நெல்தான் வரும். குத்தினால் 8 கிலோ அரிசிகூடத் தேறாது. ஒருவர் ஆண்டுக்கு 75 கிலோவுக்கு மேல் அரிசி சாப்பிடுகிறார். இரண்டு போகம் எடுத்தாலும் அது ஒருவருக்கு இரண்டரை மாதம் தாங்கும். பருப்பும் உப்பும் எண்ணெயும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

கறிவேப்பிலை, முருங்கை, பசலை, கங்கோங், வெண்டை, பாண்டான், ஒரு வாழை என்றால் அந்த இடம் தாராளம். தண்ணீருக்கும் குறைவில்லை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பெய்கிறது. 60 சதுர மீட்டர் கூரையில் அது ஏறத்தாழ 144,000 லிட்டர். மண்தான் கவனிக்க வேண்டியது. வெள்ளீயச் சுரங்கங்களால் எழுந்த நகரம் இது. பழைய சுரங்க நிலம் மணற்பாங்கானது, சத்தற்றது. பட்டறைகளை ஒட்டிய மண்ணில் எண்ணெயும் உலோகமும் கலந்திருக்கக்கூடும் என்பதால், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தியில் நடுவதே பாதுகாப்பு. ஆக, தற்சார்பின் முதல் கூடை மண்ணே அடுத்தவர் இடத்திலிருந்து வருகிறது.

வெளியுலகின் துணை அறுந்துபோன காலம் ஒன்றை இந்நாடு கண்டிருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. இடம் கிடைத்த பக்கமெல்லாம் மரவள்ளி நட்டார்கள். குறைந்த மண்ணில் நிறையக் கிழங்கு தரும் பயிர் அது. ஆனால் புரதம் மிகக் குறைவு. ஊட்டக்குறை நோய்கள் பெருகின. அந்தத் தற்சார்பை யாரும் விரும்பித் தேடவில்லை. அதற்குப் பசி என்றே பெயர்.

இரண்டாவது கேள்விக்கு மரபுகள் ஒரே விடை தரவில்லை. கொழு மண்ணைக் கீறும்போது உயிர்கள் மடிகின்றன என்பதால் மனு தர்மம் உழவைக் குறை சொல்கிறது. வினய விதிகளின்படி பௌத்தத் துறவி மண்ணைத் தோண்டக்கூடாது. செந்தூலில் உள்ள இலங்கை பௌத்த விகாரையின் துறவிக்கும் இதுவே விதி. அவருடைய உணவு முழுவதும் பிறர் இடுவது. உழுது உண்ணும்படி தம்மிடம் சொன்ன அந்தணரிடம், தாமும் உழுபவரே என்று புத்தர் விடையளித்ததாகப் பாலி சூத்திரம் ஒன்று கூறுகிறது. அங்கே நம்பிக்கையே விதை. பிறரைச் சார்ந்திருப்பது இம்மரபில் குறையாகாது. செருக்கை அடக்கும் பயிற்சி அது.

வள்ளுவரின் நிலை வேறு. உழவுக்குத் தனி அதிகாரம் தந்து உயர்த்துகிறார். கொல்லாமைக்கும் தனி அதிகாரம் தருகிறார். பாத்தியில் ஆப்பிரிக்க நத்தையைப் பொறுக்கும் எவருக்கும் இவ்விரண்டின் இழுபறி தெரியும். நம் கேள்விக்கு நெருக்கமானது இல்வாழ்க்கை அதிகாரம். இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரை அங்கே வரிசைப்படுத்துகிறார். தன்னைக் காப்பது கடமைதான், ஆனால் ஐந்தில் ஒன்று, அதுவும் கடைசியில்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா சிறையில் எழுதி 1945இல் வெளியான நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல், இதே எண்ணத்தை வேறு வழியில் அடைகிறது. கிறிஸ்தவரும் காந்தியருமான அவர் இயற்கையில் ஐந்து வகை வாழ்வைக் காண்கிறார். கொன்று தின்னும் புலி ஒட்டுண்ணி. விளைந்ததைப் பறிக்கும் குரங்கு அடுத்தது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாத தாய்மை ஐந்தாவது. தன் தேவையைத் தானே நிறைவேற்றும் வீடு இந்த ஏணியில் பறவையின் படியில் நிற்கிறது. அது ஒட்டுண்ணி வாழ்வைவிட எவ்வளவோ மேல். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஏணி பாதியில் முடிந்துவிடும். தற்சார்பும் பிறர் துணையில்தான் நிற்கிறது என்பதற்கு, காந்தி 1910இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை சான்று. தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து, வேலைகளைத் தாங்களே செய்த அந்த 1,100 ஏக்கர் பண்ணை, நண்பர் கல்லன்பாக் கொடுத்த நிலத்தில் இயங்கியது; இந்தியாவிலிருந்து வந்த நன்கொடை, அங்கிருந்தவர்களின் சத்தியாக்கிரகப் போராட்டத்தைத் தாங்கியது.

செந்தூலின் நெருக்கத்தில் இது வெறும் தத்துவமாக நிற்பதில்லை. மூடாத மழைநீர்த் தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசு பறக்கும். டிங்கி பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வரும். கொசு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டிக்குப் போடும் வலையும், எரு நாறாமல் சேர்க்கும் காய்ந்த இலையும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை. முருங்கையோ ஒரு வீடு தின்று தீர்க்க முடியாத அளவு காய்க்கும். ஒரு கட்டுக் கீரை வேலியைத் தாண்டிப் போவதில்தான் இந்த மனை அரிசிக் கணக்கில் இழந்ததை ஈடுசெய்கிறது.

மனையே இல்லாத அடுக்குமாடிக் குடும்பத்துக்குத் தனித் தற்சார்பு என்ற பேச்சே இல்லை. கூட்டுத் தோட்டம் ஒன்றே வழி. பங்சாரில் ஒதுக்கு நிலத்தில் உருவான கெபுன் கெபுன் தோட்டத்தில் பலர் கூடி உழைக்கிறார்கள். விளைச்சலில் ஒரு பகுதி இல்லாதவர்களுக்குப் போகிறது. குமரப்பாவின் நான்காவது, ஐந்தாவது படிகள் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் மரம் காய்க்க ஆண்டுகள் ஆகும். ஒதுக்கு நிலத்தில் அனுமதி தற்காலிகமானது. செந்தூலின் அடுக்குமாடிகளுக்கு இடையே இத்தகைய தோட்டம் வர வேண்டுமானால், விதைக்கும் எருவுக்கும் முன்பாக நீண்டகால நில உரிமையைத்தான் கேட்டுப் பெற வேண்டும்.