அவர் உமக்கு என்ன வேண்டும்?

இறப்பு நேர்ந்த வீட்டில் தமிழர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முன்பின் அறியாத ஒருவர் வந்து நின்று கண்ணீர் விட்டால், "இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பர். அண்ணன் என்றோ அத்தை என்றோ பங்காளி என்றோ விடை வரும். விடை வந்ததும் வந்தவருக்கு உரிய இடம் கிடைத்துவிடும். கொள்ளி வைப்பவர் மகன். நெய்ப்பந்தம் பிடிப்போர் பேரப்பிள்ளைகள். கோடித்துணி கொண்டுவருவோர் பிறந்த வீட்டார். இன்னார்க்கு இன்ன கடமை என்று துயரத்தையும் முறைப்படுத்தி வைத்தனர் முன்னோர். நடுங்கும் கைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அம்முறை எத்தனையோ பேரை விழாமல் தாங்கியிருக்கிறது.

ஆயினும், அந்தக் கேள்விக்கு விடை கூற இயலாத ஒருவர் வந்து நின்றால் அவருக்கு எங்கே இடம்? உறவும் இல்லை, ஊரும் வேறு, இறந்தவரின் முகத்தைக்கூடக் கண்டதில்லை. ஆனாலும் நெஞ்சம் துடிக்கிறது. அத்துடிப்புக்கு உரிமை உண்டா? இஃது எண்ணிப் பார்க்க வேண்டிய அறக்கேள்வியாகும்.

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே, பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் கலும்பாங். அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும், கோலசிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியும், பின்னர்ச் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்தனர். லயங்களில் வாழ்ந்த காலத்தில் "என்ன வேண்டும்?" என்று கேட்கும் தேவையே பெரும்பாலும் எழவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இழவு வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அடுத்த வீட்டுச் சோறு தானாக வந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களும் அவ்வாழ்வைக் கலைத்தன. மக்கள் பட்டணங்களுக்குப் பரவினர். நோயும் துயரமும் மட்டும் கூடவே சென்றன. அவற்றைத் தாங்கும் அக்கம்பக்கம் உடன் செல்லவில்லை.

இந்நிலையில் கலும்பாங்கில் வாழும் ஒரு பெண்மணியை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு மார்பகப் புற்றுநோய். மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுவே. மருத்துவத்துக்காக அவர் தஞ்சோங் மாலிம் நிலையத்தில் தொடர்வண்டி ஏறிக் கோலாலம்பூருக்குப் போய் வருகிறார். மருந்து ஏறிய நாள்களில் சோற்றின் மணமே குமட்டுகிறது. சீப்போடு முடி கற்றை கற்றையாக வருகிறது. அவரைப் போலவே நோயுற்ற மற்றொரு பெண்மணி கோலசிலாங்கூர்ப் பக்கம் புக்கிட் ரோத்தானில் இருக்கிறார். மருத்துவமனைத் தாதி ஒருவர் இருவருக்கும் தொலைபேசி வழியே தொடர்பு ஏற்படுத்தித் தருகிறார். மருத்துவ நாள்கள் வேறு வேறு ஆதலால் இருவரும் ஒருமுறையேனும் நேரில் காணவில்லை. இரண்டு ஆண்டுகள் குரலால் மட்டுமே பழகுகின்றனர்.

அவர்கள் பேசியவை பெரிய தத்துவங்கள் அல்ல. எந்த ரசம் வயிற்றில் தங்கும், உதிர்ந்த முடி எப்போது முளைக்கும், பரிசோதனை முடிவு வரும் நாளுக்கு முந்திய இரவை எப்படிக் கழிப்பது என்பனவே பேச்சு. மகளிடம் சொன்னால் மகள் அழுவாள். கணவரிடம் சொன்னால் அவர் கலங்குவார். வீட்டாரைக் காப்பதற்காக வீட்டாரிடம் மறைத்த அச்சத்தையெல்லாம் அந்தக் குரலிடம் சொல்ல முடிந்தது. அக்குரல் ஆறுதல் சொல்லி வாயை அடைக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றது. நோயுற்றவர்க்கு அதனினும் பெரிய மருந்து அரிது.

ஒருநாள் அழைப்புக்கு விடை இல்லை. மறுநாளும் இல்லை. எட்டாம் நாள் மகன் எடுக்கிறான். அம்மா போய்விட்டதாகச் சொல்கிறான். பிறகு, இயல்பாகவே கேட்கிறான்: "நீங்கள் அம்மாவுக்கு என்ன வேண்டும்?"

கலும்பாங் பெண்மணி விடை தெரியாமல் திகைக்கிறார். "தெரிந்தவர்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார். இரண்டு ஆண்டு நட்புக்கு அந்த ஒரு சொல்லே கிடைத்தது. "யார் இறந்தது?" என்று கேட்கும் வீட்டாருக்கும் விளங்கச் சொல்ல முடியவில்லை. துக்கம் விசாரிக்க யாரும் வரப்போவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உலைக்கு அரிசி களைகிறார். இத்தகைய நிலையை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். சமுதாயம் ஒப்புக்கொள்ளாததும், வெளிப்படையாகப் புலம்ப இயலாததுமான துயரத்தை உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்னும் பொருள்படும் பெயரால் அவர் குறித்தார். அழுவதற்கு இடமில்லாதபோது துயரம் இரு மடங்காகிறது.

முகம் காணாத ஒருவரிடம் உண்மையான நட்பு இருக்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். தமிழ் கற்றவர்க்கு இவ்வையம் புதியதன்று. உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன், மைந்தரோடு நேர்ந்த பகையால் அரசு துறந்து வடக்கிருந்தான். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார் தன்னைத் தேடி வருவார் என்றும், அவருக்கு ஓரிடம் ஒழித்து வையுங்கள் என்றும் கூறினான். ஒருவரையொருவர் கேள்வியால் மட்டுமே அறிந்தவர்கள். அவர் எப்படி வருவார் என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். அரசன் ஐயுறவில்லை. ஆந்தையாரும் வந்தார்; அரசனோடு வடக்கிருந்தார். புறநானூறு இந்நட்பைப் பல பாடல்களில் போற்றி வைத்திருக்கிறது. பரிமேலழகரும், பலகாலம் பழகுதல் வேண்டா, உணர்ச்சி ஒத்தலே நட்புக்கு உரிமை தரும் என்னும் கருத்துடைய குறளுக்கு உரை எழுதுகையில் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார்.

அப்பாடல்களில் ஒரு செய்தி கருதத்தக்கது. பெயர் என்ன என்று யாரேனும் கேட்டால், ஆந்தையார் சோழனுடைய பெயரையே தம் பெயராகச் சொல்வாராம். "நீ யார்?" என்னும் கேள்விக்கு நண்பனின் பெயரை விடையாகத் தந்தவர் அவர். புக்கிட் ரோத்தான் மகன் கேட்ட கேள்விக்குக் கலும்பாங் பெண்மணியால் சொல்ல முடியாமற் போன விடை இதுவே. அவருடைய நோய் என் நோய். அவருடைய இரவு என் இரவு. அவர் யாரோ அவரே நான். இதை எந்த உறவுப்பெயரில் அடக்குவது?

வேறோர் ஐயம் இதனினும் கூர்மையானது. ஒரே நோயுற்ற ஒருவர் இறக்கும்போது மற்றவர் அழுவது இறந்தவருக்காகவா, தமக்கு வரப்போவதை எண்ணியா? இக்கேள்வியை ஒதுக்கிவிடலாகாது. அவ்வழுகையில் அச்சமும் கலந்திருப்பது உண்மையே. எனினும் அச்சத்தையும் துயரத்தையும் பிரித்தறிய வழி உண்டு. அச்சம் தன்னையே சுற்றி வரும். துயரம் பிறரை நோக்கி நடக்கும். கடைசி இரவில் அவருக்கு வலி மிகுந்திருந்ததா, பேச்சில் அடிக்கடி வந்த மகளின் திருமணம் என்னவாயிற்று, தனியாக நிற்கும் கணவருக்கு யார் சமைக்கிறார்கள் என்று அந்த நெஞ்சம் கேட்குமாயின், அது தன்னைக் கடந்துவிட்டது. மேலும், தன் வலியால் பிறர் வலியை அறிவது குறையாகாது. வலியை அறியாதவரின் இரக்கத்தைவிட அறிந்தவரின் இரக்கம் ஆழமானது.

துன்பம் உறவை உண்டாக்கும் என்பதற்கு வரலாறும் சான்று. மொரிசியஸ், பிஜி, டிரினிடாட் முதலிய தீவுகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்ற இந்தியர், ஒரே கப்பலில் வந்தவர்களைக் கப்பல் உடன்பிறப்பு என்னும் பொருளில் "ஜஹாஜி பாய்" என்று அழைத்தனர். சாதியும் ஊரும் வேறாயினும் அவ்வுறவை இரத்த உறவாகவே மதித்தனர். மலாயாத் தமிழர்க்கோ இன்னும் அண்மைக் காலச் சான்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் மரண ரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் அந்த 415 கிலோமீட்டர்ப் பாதை 1943இல் முடிவுற்றது. காலராவும் பசியும் மாய்த்தவர் பலர். அங்கே ஒருவன் வேறு தோட்டத்தானாக இருந்தாலும் பக்கத்தில் படுத்தவனே உறவு. கண் மூடியவனுக்காக அழவும் அவனே இருந்தான். உடலும் ஊர் வந்து சேரவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. அத்தகையோர்க்கு, உயிர்தப்பியவர் நெஞ்சில் காத்த நினைவே நடுகல்லாயிற்று.

ஆகவே துயருறும் உரிமை காட்சியாலும் குருதியாலும் மட்டும் வருவதில்லை. பகிர்ந்துகொண்ட பாடுகளாலும் வருகிறது. உரிமை உண்டெனில் கடமையும் உண்டு. அக்கடமை யாது?

"அவர் போய்விட்டார், நான் ஏன் இருக்கிறேன்?" என்னும் எண்ணம், ஒரே நோயிலிருந்து பிழைத்தவரைக் குத்தும் முள். அந்த முள் தைத்தவர் அடுத்த மருத்துவ நாளுக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடும். இங்கே பொத்தியாரின் கதை துணைக்கு வருகிறது. அவரும் கோப்பெருஞ்சோழனின் நண்பர், புலவர், அரசனுடன் வடக்கிருக்க விரும்பியவர். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். மகன் பிறந்தபின் வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். அவர் அரசன் இல்லாத உறையூருக்குத் திரும்பி, வெறுமையைக் கண்டு கலங்கினார். மகன் பிறந்தபின் நடுகல்லான நண்பனிடம் வந்து தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெற்றார். வடக்கிருத்தல் அக்கால மரபு; இன்றைக்கு அது வழியாகாது. இக்காலத்தார் கொள்ள வேண்டியது அரசனின் ஆணையை. இறக்கும் நண்பன் தன் நண்பனை வாழ அனுப்பினான். பிறக்கப்போகும் குழந்தையின் பக்கம் அவனைத் திருப்பினான். ஆந்தையாரை ஏற்ற அன்புக்கும் பொத்தியாரைத் தடுத்த அன்புக்கும் வேறுபாடு இல்லை. உயிரோடிருத்தல் இறந்தவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அவர் கடைசியாகக் கொடுத்த வேலையும் அதுவாக இருக்கலாம். மருத்துவ நாளன்று தஞ்சோங் மாலிமில் தொடர்வண்டி ஏறுவதே கலும்பாங் பெண்மணி தம் தோழிக்குச் செய்யும் முதற்கடன்.

அடுத்த கடன், பெற்றதைப் பிறருக்குக் கொடுத்தல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் வீட்டுக்குள் அடங்கவில்லை. பல்லாண்டு உழைப்பின் பயனாக 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. உடன்பிறந்தவளுக்காக வடித்த கண்ணீர், அவர் ஒருபோதும் காணாத பல்லாயிரவர்க்கு நிழலாயிற்று. எல்லாராலும் மருத்துவமனை எழுப்ப இயலாது. புதிதாக நோயுற்று நடுங்கும் ஒருத்திக்கு, "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல யாராலும் இயலும். அச்சொல் சொல்லப்படும்போதெல்லாம் புக்கிட் ரோத்தான் குரல் மறையாமல் ஒலிக்கும்.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. அஃது இடம் ஒழித்து வைத்தல். இறந்தவரின் வாழ்வு முழுவதும் வீட்டுக்குள் நடந்துவிடுவதில்லை. நோயின் நீண்ட இரவுகளில் வேறொருவர் அவருக்குத் துணையிருந்திருக்கலாம். வீட்டாருக்குச் சொல்லாத அச்சத்தை அவர் கேட்டிருக்கலாம். வீட்டார் அறியாத சிரிப்பையும் கேட்டிருக்கலாம். அறிமுகமற்ற குரல் அழைத்து அழும்போது, வீட்டாரின் உரிமையில் எதுவும் குறைந்துவிடாது. தம் தாயைப் பற்றி அவர்கள் அறியாத ஒரு பகுதி அவர்கள் கைக்கு வந்து சேர்கிறது.

"என்ன வேண்டும்?" என்று உறவைக் கேட்கும் தமிழ் வழக்கில் ஓர் அழகு உண்டு. வேண்டுதல் என்பது விரும்புதலையும் தேவையையும் குறிக்கும் சொல். ஒருவரை நெஞ்சம் வேண்டியிருந்ததா என்பதே உறவின் உரைகல் என்று அவ்வழக்கு சொல்லாமற் சொல்கிறது. கலும்பாங் பெண்மணி மறுபடியும் அழைக்கலாம். "உன் அம்மா எனக்கு உறவில்லை, தம்பி, ஆனால் இரண்டு ஆண்டுகள் எனக்கு வேண்டியிருந்தார்" என்று சொல்லலாம். பதினாறாம் நாள் கருமாதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. "வாருங்கள், அம்மா" என்று அந்த மகன் அழைப்பானாயின், உறையூரில் ஒழித்து வைத்த இடம் புக்கிட் ரோத்தானிலும் இருக்கிறது என்று கொள்ளலாம்.