சுவர் காயும் வரை

தை 5

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கவில்லை. சுவர் காயவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. மறுநாள் காலைக்குள் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. மயிலம் எங்கள் திண்டிவனம் வீட்டுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். அந்த ஓர் இரவில் குடித்த தண்ணீரை வடக்குச் சுவர் ஏழு வாரமாகக் கக்கிக்கொண்டிருக்கிறது. அடியில் ஓதம், அதற்குமேல் உப்புப் பூத்த கோடு, அதற்கும் மேல் பச்சைப் பாசி.

பெயின்டர் முழ நீளப் பாலித்தீன் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால் காகிதத்தின் உள்பக்கம் முத்து முத்தாக நீர்.

“இன்னும் ஒரு மாசம் போவட்டும் சார். இப்ப அடிச்சா பூரி மாதிரி எழும்பிக்கும்.”

வேலையே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாதம் கிடைத்திருக்கிறது.

தை 18

தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறேன். நாற்பது கிலோமீட்டர் கூட இல்லை. இத்தனை வருஷம் ஜன்னலோரம் தூங்கியபடி போனவன், இப்போது கூட்டேரிப்பட்டிலிருந்து முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வரைக்கும் வீடுகளின் நிறத்தை எண்ணிக்கொண்டு போகிறேன். கிளிப்பச்சை, வாடாமல்லி, ஆரஞ்சு. ஒரே முகப்பில் மூன்றும் உள்ள வீடுகளும் உண்டு. இவற்றைக் கேலி செய்வது படித்தவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் கூரை வீட்டில் மண்சுவரோடு வளர்ந்து, சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்து வருஷம் உழைத்து மெத்தை வீடு கட்டியவர், அது மெயின் ரோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே கொடியாகிவிடும். கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வைக்க முடியாது. மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் வைத்தால் ஒரு கூட்டம் நம்மைச் சொந்தம் கொண்டாடும், இன்னொரு கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜன்னல் விளிம்புக்கு நிறம் சொல்லும் முன் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

தை 27

பெயின்டர் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல் அப்பா கட்டிய வீடு. மேலே பத்து வருஷத்துக்கு முந்தைய மாம்பழ மஞ்சள் எமல்ஷன். மேற்குச் சுவரில் அது வெயிலில் வெந்து பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. கிழக்கிலும் வடக்கிலும் நிறம் பரவாயில்லை, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை அறைந்து அறைந்து தோல் உரிந்திருக்கிறது. ஒரே நாளில், ஒரே வாளியிலிருந்து அடித்ததுதான். நான்கு சுவருக்கும் நான்கு வயது.

மஞ்சளுக்குக் கீழே பச்சை சிமென்ட் பெயின்ட். அடித்துவிட்டு இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் தெளித்தேன். பச்சைக்கும் கீழே, அடியோடு அடியாக, சுண்ணாம்பு. கரண்டி பட்டதும் மாவாகக் கொட்டியது. வெள்ளைதான், ஆனால் வெறும் வெள்ளை இல்லை. ஓரத்தில் மெல்லிய நீலம் ஓடியது.

அம்மா வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். “இந்தக் கலர் கெடைக்குமாடா?” என்றாள்.

தை 28

அந்த நீலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதிக்கும். நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கஞ்சியும் கொஞ்சம் உப்பும் சேர்ப்பாள் பாட்டி. கடைசியில் ஒரு துணி முடிச்சில் நீலப்பொடியைக் கட்டி, டீ போடுவதுபோல இரண்டு முக்கு முக்குவாள். மூன்றாவது முக்கு கூடாது. அதிகமானால் சுவர் நீலமாகிவிடும், குறைந்தால் பழுப்படிக்கும். பழுப்பை நீலம் அடித்து வீழ்த்தும்போது கண் அதை வெள்ளை என்று நம்பிவிடுகிறது. உண்மையில் சுவர் ஒரு துளி இருண்டிருக்கிறது.

நீலத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய தொடர்பு. அன்றைய தென்னார்க்காட்டில் அவுரி பெரிய பணப்பயிர். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி செயற்கைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அது படுத்தது. இன்றும் திண்டிவனம் பக்கம் சில கொல்லைகளில் அவுரி நிற்கிறது, இயற்கைச் சாயம் கேட்பவர்களுக்காக. ஆனால் பாட்டியின் முடிச்சில் இருந்தது அவுரி இல்லை. அது அல்ட்ராமரின். களிமண்ணையும் சோடாவையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுடுகிற வழியை 1828 வாக்கில் கீமே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நீலம் அது.

இப்போதைய பெயின்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டையாக்சைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் கிடைக்கிறது. கறுப்பிலிருந்து வெள்ளை. பாட்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

மாசி, ஒரு ஞாயிறு

நிறம் நிலைக்குமா என்று பெயின்டரிடம் கேட்டேன். “பளிச்சுனு இருக்கறது எல்லாம் சீக்கிரம் போயிடும் சார். காவி, மண் கலரு நிக்கும்” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “அது மண்ணு சார்” என்றார்.

திருக்கோவிலூர் சாலையில் கீழ்வாலைக்குப் போனேன். பாறையில் செங்காவியில் தீட்டிய உருவங்கள். பறவை முகத்தோடு மனிதர்கள். ஒருவன் விலங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறான், ஒருவன் முன்னால் நடக்கிறான். மூவாயிரம் ஆண்டு என்கிறார்கள். ப்ரைமர் இல்லை, பட்டி இல்லை, இரண்டாவது கோட்டு இல்லை. காவி என்பது இரும்பின் துரு. துருப்பிடித்து முடிந்த பொருளை வெயில் இனி என்ன செய்யும்? கெட வேண்டியது முன்பே கெட்டுவிட்டது. பளபளக்கும் ஊதாவும் ரோஜாவும் அப்படியல்ல. அவற்றின் சாயத்தை வெயில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருக்கும்.

விழுப்புரம் பக்கத்திலேயே பனமலையில் இராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சிறு சன்னதிச் சுவரில் குடைக்குக் கீழே நிற்கும் தேவியின் ஓவியம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக மழை படாத மூலை. அவனுக்கு நூறு வருஷம் முந்திய மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவரை வெட்டி, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று கல்வெட்டிலேயே பெருமை பேசிக்கொண்டான். பெயின்டர் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லாத ஒரே வீட்டுக்காரன்.

மாசி 9

ஷேட் கார்டு வந்தது. கல்யாண ஆல்பம் கனம். அம்மா இங்கிலீஷ் பெயர்களைப் பார்க்கவே இல்லை. அவளிடம் புடவைக் கடைப் பெயர்கள் இருக்கின்றன. “இது வெங்காயச் சருகு. இது மாந்தளிர். இது மயில்கழுத்து, செவுத்துக்கு ஆவாது. இது எம்.எஸ். நீலம் மாதிரி ஏமாத்துது, ஆனா இல்ல.” கம்பெனிக்காரர்கள் ஆயிரம் நிறத்துக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றையும் யார் கல்யாணத்தில் யார் கட்டியிருந்தார்கள் என்று அடையாளம் சொல்கிறாள்.

மாசி 14

கடை மெஷினில் கலந்து ஐந்து சின்ன டப்பா வாங்கினேன். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டடிக்கு இரண்டடி, ஐந்து கட்டம். கார்டில் தீப்பெட்டி அளவு பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சந்தனம் காலை ஏழு மணிக்குச் சந்தனம், உச்சி வெயிலில் வெளுத்த வேட்டி, மாலை ஐந்தரைக்கு வறுத்த ரவை. தெருவிளக்கு எல்.இ.டி.க்கு மாறியதிலிருந்து இரவில் அதுவே சாம்பல். இதில் எது அதன் நிறம்? பெயின்டர் வெயில் படும் சுவருக்கு ஒரு படி அழுத்தமாகப் போகச் சொன்னார். எனக்குப் பட்டது வேறு. நான் இந்தச் சுவருக்கு உள்ளே வாழ்கிறேன். வெளி நிறத்தைக் காலையில் செருப்புப் போடும்போது அரை நிமிஷம் பார்ப்பேன். நாள் முழுக்கப் பார்க்கப் போவது எதிர்வீட்டு அத்தை.

வாசல் வேப்பமரம் இலை முழுக்கக் கொட்டி நிற்கிறது. கிளைகளுக்கு நடுவே ஐந்து கட்டமும் தெருமுனை வரை தெரிகின்றன. போகிறவர்கள் எல்லாரும் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

மாசி 25

முடிவாகிவிட்டது. மேலே வெள்ளை. மெஷின்காரரிடம் நீலம் ஒரு சொட்டு விடச் சொன்னேன். கம்ப்யூட்டரில் அதற்கு நம்பர் இல்லாததால் அவருக்குக் கொஞ்சம் கோபம். தரையிலிருந்து மூன்றடி செங்காவி. பழைய வீடுகளில் திண்ணையடியில் காவிப் பட்டை ஏன் ஓடியது என்று இந்த மழைக்குத்தான் புரிந்தது. முற்றத்துச் சேறு தெறிப்பது சரியாக அந்த உயரத்துக்குத்தான்.

பங்குனி 11

சவுக்குச் சாரம் பிரித்தாகிவிட்டது. கடைசி வரை மீட்டர் பெட்டியைக் கழற்ற முடியவில்லை. அதன் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பாட்டியின் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது.

பங்குனி 16

அம்மா எதிர்வீட்டுக்குப் போய் அவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அத்தையோடு காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“எங்கடா தெரியுது? வேப்பமரம் துளிர்த்து முழுக்க மறைச்சுடுச்சு. பூ வேற வெச்சிருக்கு.”