தாயின் பசியைப் புகழலாமா?

தாயை இழந்த பிள்ளைகள் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலிக்கென அச்சிடும் சிறு மலர்களையும், பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் நினைவுக் குறிப்புகளையும் தொடர்ந்து வாசிப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஊர் வேறு, குடும்பம் வேறு, எழுதியவர் வேறு. ஆயினும் ஒரு வசனம் மட்டும் தவறாமல் வந்துவிடும். தான் உண்ணாதிருந்து எம்மை உண்பித்தார் என்பதே அது. எழுதியவர் மகனாயினும் மகளாயினும், வைத்தியராயினும் கடற்றொழிலாளராயினும், தாயின் அன்புக்கு அதைவிடப் பெரிய சான்று வேறில்லை என்றே எண்ணுகிறார்.

விடத்தல்தீவு போன்ற கரையோர ஊரில் இவ்வசனம் வெறும் அலங்காரம் அன்று. பெயரில் தீவு இருந்தாலும், மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில், கண்டல் காடும் ஆழமில்லாக் கடலும் சூழப் பெருநிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. காற்றுக் காலத்தில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். மீன்பாடு இல்லாத நாளில் கடையிலே கடன். கடன் கிடைக்காத நாளில் கஞ்சி. பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் பரிமாறியபின் சட்டியில் எஞ்சியது எதுவோ அதுவே தாயின் பங்கு. எஞ்சாவிட்டால் சீனியில்லாத வெறுந்தேநீர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூரின் முஸ்லிம் தாய்மார் பிள்ளைகளோடு புத்தளம் நோக்கிச் சென்றார்கள். 2008 ஜூலையில் இராணுவம் விடத்தல்தீவைக் கைப்பற்றிய காலத்தில் கத்தோலிக்க, இந்துத் தாய்மார் வன்னிக்குள் இடம்பெயர்ந்தார்கள். அந்த வழிகளிலெல்லாம் கையிலிருந்ததை யார் உண்டார், யார் உண்ணாதிருந்தார் என்பதை எவரும் கேட்டறிய வேண்டியதில்லை.

ஆகவே அந்த வசனம் உண்மை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. தாய் பட்டினி கிடந்தார் என்றால், அவருடைய பங்கை உண்டவர் யார்? நாம்தான். நாம் உண்டுவிட்டு, அவர் உண்ணாததைப் புகழ்கிறோம். இது நன்றியா? அல்லது நம்முடைய மனத்தைச் சமாதானப்படுத்தும் ஓர் உபாயமா?

பாக்கு நீரிணையின் மறுகரையில் உள்ள இராமேஸ்வரத்தில் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை இதற்கு நல்ல உதாரணம். பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவராகி, 2015இல் மறைந்த அப்துல் கலாம்தான் அச்சிறுவன். இரண்டாம் உலகப்போர்க் காலம். உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. ஒரு நாள் தாய் ஆஷியம்மா சப்பாத்தி சுட்டுச் சுட்டுப் போட, பையன் உண்டுகொண்டே இருந்தான். இரவில் மூத்த சகோதரர் அவனைத் தனியே அழைத்தார். வீட்டில் ஆளுக்கு இரண்டு மூன்றுதான் பங்கு என்பதையும், தாய் மறுக்கத் தெரியாதவர் என்பதையும், தம் பங்கு முழுவதையும் அவனுக்கே போட்டுவிட்டுப் பசியோடு இருக்கிறார் என்பதையும் சொன்னார். சிறுவன் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டான்.

கலாம் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்போர் தாயை வியந்து பேசுவார்கள். எமக்கோ அந்த மூத்த சகோதரர்தான் பெரியவராகத் தெரிகிறார். அவர் தாயின் தியாகத்தைப் பாராட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உண்டது யார் பங்கு என்ற கணக்கைச் சொன்னார். தாய் உயிரோடு இருக்கும்போதே, அதே இரவிலே சொன்னார். ஒரு வீட்டில் இப்படிக் கணக்குச் சொல்ல ஒருவர் இருந்தால், 31ஆம் நாளில் எழுதவேண்டிய வசனங்கள் பல மாறிவிடும்.

வள்ளுவரும் தாயின் பசியை இலேசாக எடுத்தவர் அல்லர். வினைத்தூய்மை என்ற அதிகாரத்தில், பெற்றவளின் பசியைக் கண்ணால் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். மனிதனை நெறி தவறச் செய்யக்கூடிய நெருக்கடிகளில் மிகக் கொடியது எது என்று தேடியபோது அவருக்கு அதுவே கிடைத்தது. தாய் பசித்திருப்பதைத் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்றாக அவர் கண்டார். நாமோ அதை ஓர் அணிகலனாக்கித் தாயின் கழுத்தில் மாட்டிவிட்டோம்.

இதில் இன்னொரு தீங்கும் உண்டு. தாயின் பட்டினியை நாம் வாயாரப் புகழும்போது அதே வீட்டில் ஒரு மகளும் மருமகளும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நல்ல பெண் என்பதற்கு இலக்கணம் கடைசியில் உண்பதும் நோயை மறைப்பதுமே என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். மகன் அப்பாடத்தைக் கற்பதில்லை. அவனுக்கு அது வெறும் கவிதை. நாளைக்கு அவனுடைய மனைவியிடம் அதையே எதிர்பார்ப்பான். "எங்கள் அம்மா இப்படியா இருந்தார்?" என்ற கேள்வி எத்தனை வீடுகளில் ஆயுதமாகி இருக்கிறது!

பெற்றோருக்குப் பட்ட கடன் தீராத கடன் என்று அரிஸ்டோட்டில் கூறினார். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குயினாஸ் அதை ஏற்றுக்கொண்டார். நீதி என்பது பெற்றதற்குச் சரிக்குச் சரி கொடுப்பது. கடவுளுக்கும் பெற்றோருக்கும் அவ்வாறு கொடுக்க ஒருவராலும் இயலாது. எனவே அது நீதியைச் சார்ந்து நிற்கும் தனியான ஒரு நற்பண்பு என்பது அவர் விளக்கம். (அதே அக்குயினாஸ், தாயைவிடத் தந்தையையே அதிகம் நேசிக்கவேண்டும் என்றும் வாதிட்டிருக்கிறார். பிள்ளையை உருவாக்கும் ஆற்றல் தந்தையுடையது, தாய் கொடுப்பது வெறும் மூலப்பொருள் என்ற பழைய உடலியலே அதற்குக் காரணம். பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேயர் கண்டறிந்தது 1827இல்தான். குருமடங்களில் இப்பகுதியைப் படித்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருப்பர்.)

தீராத கடன் என்பது ஆழமான கருத்து. ஆனால் அது ஆபத்தானதும்கூட. தீராது என்று தெரிந்தபின் தவணை கட்டுவானேன் என்று மனம் தந்திரம் பண்ணும். "அம்மாவுக்கு நான் என்ன செய்தாலும் போதாது" என்று உருகுகிறவர் பல வேளைகளில் ஒன்றுமே செய்யாதவராக இருக்கிறார். மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டித்தது இதற்கு நெருங்கிய ஒரு தந்திரத்தையே. பெற்றோருக்குப் போகவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று அறிவித்துவிட்டுக் கையை விரித்தவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை அனுப்பி, தாயின் கண் சத்திரசிகிச்சையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கும் பிள்ளைகள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்தால் நல்லது. அந்தத் தொகை கோயிலுக்கு வராமற்போனால் நாம் வருந்தமாட்டோம்.

அரிஸ்டோட்டிலிடம் இன்னொரு கூற்றும் உண்டு. அன்பு என்பது அன்பைப் பெறுவதில் அன்று, அன்பு செய்வதிலேயே இருக்கிறது என்பதற்கு அவர் தாய்மாரைச் சாட்சிக்கு அழைக்கிறார். பிள்ளையை வளர்ப்பதற்கு வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளை தம்மை அறியாவிட்டாலும் அது நன்றாக இருப்பதைக் கண்டாலே போதும் என்றிருக்கும் தாய்மார் உண்டு என்கிறார். மன்னார்க் கரைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை அடகுவைத்து, மகனைக் கனடாவுக்கோ பிரான்சுக்கோ அனுப்பிவிட்டு, அவன் நன்றாக இருக்கிறான் என்பதை ஒரு கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்படும் தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! அரிஸ்டோட்டில் சொன்னது தாயின் பெருமை. அதைப் பிள்ளை தனக்குக் கிடைத்த அனுமதிப் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாகாது.

அப்படியாயின் தாயைப் புகழவே கூடாதா? புகழலாம். அதை ஓரளவு சரியாகச் செய்த ஒரு மகன் இருக்கிறார்.

383ஆம் ஆண்டு. ஆபிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகம். உரோமைக்குப் போகக்கூடாது என்று அழுத தாய் மொனிக்காவிடம், நண்பனை வழியனுப்பவே வந்தேன் என்று பொய் சொல்லி, அவரை அருகிலிருந்த ஓர் ஆலயத்தில் தங்கவைத்துவிட்டு, இரவோடிரவாகக் கப்பலேறியவர் அகுஸ்தீன். தாய் கடல் கடந்து தேடி வந்தார். 387இல் மகன் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் தாய் காய்ச்சல் கண்டு இறந்தார். தாய்க்கு 56 வயது, மகனுக்கு 33. பத்து ஆண்டுகளுக்குப் பின் அகுஸ்தீன் தமது 'பாவ அறிக்கை' நூலின் ஒன்பதாம் பகுதியில் தாயைப் பற்றி எழுதினார்.

என்ன எழுதினார்? கண்ணீரையும் செபத்தையும் எழுதினார். அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பாக, தாய் சிறுமியாக இருந்தபோது திராட்சைரசம் எடுத்துவர அனுப்பப்பட்டதையும், வழியில் முதலில் ஒரு சொட்டும் பிறகு ஒரு கிண்ணமுமாகக் குடிக்கப் பழகியதையும், வேலைக்காரப் பெண் ஒருத்தி சண்டையில் 'குடிகாரி' என்று ஏசியதால் வெட்கி அதை விட்டதையும் எழுதினார். இதை அவருக்குச் சொன்னவர் யார்? தாயே சொன்னார் என்கிறார். நாம் இதைப் படித்து வியக்கிறோம். தாய் தன் சிறுவயதின் குற்றத்தை மகனிடம் சிரித்துச் சொல்லக்கூடிய ஓர் உறவு அங்கே இருந்தது. அதைக் கேட்டு மறக்காமல் வைத்திருக்கும் செவி மகனுக்கு இருந்தது. தாயைத் தெய்வமாக்கியிருந்தால் அவர் அதை மறைத்திருப்பார். தெய்வத்துக்குச் சிறுவயதும் இல்லை, வெட்கமும் இல்லை.

இருந்தும் அவர் தாயை முழுமையாக அறிந்தவர் அல்லர். மொனிக்கா தம் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். சாகும் தறுவாயில், உடலை எங்கேயாவது புதையுங்கள், பீடத்தில் என்னை நினைத்தால் போதும் என்றார். சொந்த ஊரில் இறப்பதே நல்லது என்று மற்றொரு மகன் சொன்னபோது அவரைக் கண்ணாலேயே கண்டித்தார். தாயின் விருப்பம் இப்படி மாறிவிட்டதைக் கண்டு அகுஸ்தீன் ஆச்சரியப்பட்டார். ஆனால் மொனிக்கா சில நாட்களுக்கு முன்பே, மகன் இல்லாத வேளையில், அவருடைய நண்பர்களிடம் இதைப் பேசியிருந்தார். மகனுக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வேற்று மண்ணில் புதைக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளில் எத்தனை பேர், எங்கே புதைக்கப்பட விரும்புகிறீர்கள் என்று தாயிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தார்கள்?

மொனிக்கா என்ற பெயர் அந்நூல் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதுவும் தாய் இறந்த பிறகு. மற்ற இடங்களிலெல்லாம் 'என் தாய்' என்பதே. நமது ஊர்களிலும் ஒரு பெண் திருமணமானபின் இன்னாரின் மனைவி, பிறகு இன்னாரின் தாய். அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிடுவோர் ஒவ்வொருவராக இறந்துபோக, கடைசியில் அது மரணச் சான்றிதழில் எழுதப்படுகிறது.

அகுஸ்தீனின் பக்கங்களிலும் ஒரு பகுதி இன்று நம்மால் ஏற்க முடியாதது. கணவரின் கோபத்தையும் ஒழுக்கக்கேட்டையும் மொனிக்கா வாய் திறவாமல் பொறுத்ததையும், அடிபட்ட அயல்வீட்டுப் பெண்களுக்கு அவர் பொறுமையையே உபதேசித்ததையும் அவர் பெருமையாகச் சொல்கிறார். அந்த இடத்தில் அவரும் நம்மைப்போலத் தாயின் பசியைப் புகழும் மகனாகிவிடுகிறார்.

இன்னொரு பிள்ளையையும் குறிப்பிடலாம். மே மாதத்து அன்னையர் தினத்தைத் தொடக்கிவைத்த அமெரிக்கப் பெண் அன்னா ஜார்விஸ். தாய் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1908 மே 10ஆம் நாள், மேற்கு வேர்ஜீனியாவின் கிராப்ரன் நகரத்து ஆலய வழிபாட்டுக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் மலர்களை அனுப்பினார். அது தாய்க்கு மிகப் பிடித்த பூ. 1914இல் அரசே அந்நாளைப் பிரகடனம் செய்தது. வியாபாரிகள் புகுந்து, அச்சடித்த வாழ்த்து அட்டைகளும் பூ விலையும் பெருகியபோது, தாம் தொடக்கிய நாளை எதிர்த்தே 1948இல் இறக்கும்வரை போராடினார். பொதுவான 'அன்னையர்' அவருக்கு முக்கியமில்லை. அவரவர் தம் சொந்தத் தாயை நினைக்கவேண்டும் என்பதே அவர் பிடிவாதம். தாய்க்குப் பிடித்த பூ எது என்று அறிந்திருந்தவருக்கு அந்தப் பிடிவாதத்துக்கு உரிமை இருந்தது.

விடத்தல்தீவில் வளர்ந்து இன்று எங்கோ வாழும் ஒரு மகனிடம், உன் தாய்க்குப் பிடித்த மீன் எது என்று கேட்டால் என்ன சொல்வான்? தலைப்பகுதி என்பான். நடுத்துண்டுகள் எல்லாம் யாருக்குப் போயின என்பதை யோசித்தால், தலைதான் பிடிக்கும் என்று அவர் சொன்னது எவ்வளவுக்கு உண்மை என்பது விளங்கும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நமது மறைமாவட்டத்திலும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் தொடர்ச்சியாக அமரத் தொடங்கினார்கள். விடை கிடைக்காமலே இறந்துபோனவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளை கடைசியாக உடுத்திருந்த சேர்ட்டின் நிறத்தைக் கேட்டால் அந்தத் தாய்மார் உடனே சொல்வார்கள். என்ன கறிக்கு அடம்பிடித்தான், எந்தக் காலில் தழும்பு, எந்தப் பாட்டை முணுமுணுப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அவர்கள் கண்ணை மூடும்போது நினைவுக் குறிப்பு எழுதவேண்டிய கை எங்கே என்றுதான் அவர்களே இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.