கல் யாரைக் கட்டுப்படுத்த வேண்டும்?

பருவநிலை மாற்றத்தை நினைவூட்டும் சின்னங்கள் உலகில் எழத் தொடங்கிவிட்டன. ஐஸ்லாந்தில் ஓக் என்ற பனியாறு உருகிப்போனதற்கு 2019 ஆகஸ்டில் இரங்கல் கூட்டம் நடத்தி, வருங்கால மனிதருக்கு எழுதிய கடிதம்போல் ஒரு செப்புத் தகட்டை அங்கே பதித்தார்கள். காற்றில் கரியமில வாயு அப்போது பத்து லட்சத்தில் 415 பங்கு இருந்ததையும் அதில் பொறித்தார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று எழுப்புவதென்றால் மாமல்லபுரம்தான் முதலில் நினைவுக்கு வரும். கல்லும் சிற்பியும் கடலும் பார்க்க வரும் கூட்டமும் அங்கே உண்டு. ஆனால் எழுப்பலாமா என்பதைவிட, அது எப்போது அறமாகும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எழுப்ப வேண்டும் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மனிதர் எளிதில் மறப்பவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கடற்கரை முழுவதும் கடல் என்ன செய்யும் என்பதைப் பார்த்தது. 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரங்களில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கடல் ஏறிவரும் காலத்தில் நாம் அதை நோக்கி நகர்ந்திருக்கிறோம். ஜப்பானின் அனேயோஷி என்ற சிற்றூரில் 1933 ஆழிப்பேரலைக்குப் பின் நட்ட ஒரு கல், அதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று சொல்கிறது. ஊரார் கேட்டார்கள். 2011இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. நினைவுக்கல் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயமும் லேசானதல்ல. பொதுவாக நினைவுச்சின்னம் முடிந்துபோன துயருக்கு எழுப்பப்படுவது. பருவநிலைத் துயர் இன்னும் முடியவில்லை. தடுக்கக்கூடிய பங்கும் மிச்சமிருக்கிறது. தடுக்கும் பொறுப்புள்ளவர்களே முன்கூட்டி ஒப்பாரி வைத்தால், அழுதுவிட்டோம் என்ற நிம்மதியில் செய்ய வேண்டியது நின்றுபோகும். பொருளும் சேதம் செய்யும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. பிரம்மாண்டமான கான்கிரீட் எச்சரிக்கை, தான் எச்சரிக்கும் தீங்கைத் தானே கூட்டுகிறது.

இடமும் சேதம் செய்யும். இந்தக் கரையோரம் தென்மேற்குப் பருவத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. குறுக்கே கடலுக்குள் கல்லைக் கொட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். அரிப்பைத் தடுக்க அந்த ஊர் தூண்டில் வளைவு கேட்கும். அது வந்ததும் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் இருந்த மணல் மீனவருக்கு இல்லாமல் போகும். உலகைச் சூடாக்கியதில் மிகக் குறைந்த பங்குள்ளவர் அவர். அவருடைய கரையைத் தின்று எழும் சின்னம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அநீதியே.

மாமல்லபுரத்தில் இன்னொரு சோதனையும் உண்டு: உண்மை. கடற்கரைக் கோயிலின் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளின் முகங்களை உப்புக்காற்று மழுக்கிவிட்டது. கல்லுக்குள் இறங்கிய உப்பைத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிறார்கள். வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004 அலைக்குப் பின் நடந்த அகழாய்வில் ஒரு முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம். அதன் அடியில் அதற்கும் முந்திய செங்கல் கட்டுமானம். முன்னே கல்லில் செய்த வேல். கடல் சீற்றத்தில் செங்கல் கோயில் அழிய, அதே இடத்தில் கருங்கல்லில் எழுப்பினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவற்றைக் காட்டி, பருவநிலை மாற்றத்தைப் பார் என்று எழுதிவைப்பது எளிது. ஆனால் அது பொய். ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் வந்தது; உப்புக்காற்று பல்லவர் காலத்திலும் வீசியது. நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் வெளிப்படும் நாளில், மெய்யான எச்சரிக்கையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் எது நேர்மையான சின்னம்? மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டமே ஒரு வழி காட்டுகிறது. மதுராந்தகத்தில் கோயில்கொண்ட ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழையில் ஏரிக்கரை உடையுமோ என்று அஞ்சிய இரவில் ராம லட்சுமணர் காவல் நிற்கக் கண்டார் என்பது ஊர் வழக்கு. தாயார் சன்னதித் திருப்பணி அவர் பெயரைச் சொல்கிறது. நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். கரை உடையக்கூடியது, காக்கப்பட வேண்டியது என்பதை அந்தப் பெயர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊருக்குச் சொல்லிவருகிறது.

பழைய கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. அறம் செய்தவர், அதைப் பிற்காலத்தில் காப்பவருடைய பாதம் தன் தலைமேல் இருக்கட்டும் என்று பொறித்துவைத்தார். தனக்குப் பின் வருபவர்மேல் கடமையை ஏற்றும்போதே, அவருக்குத் தான் பணிகிறார். பெருமை பேசும் கல்லுக்கும் பொறுப்பை ஒப்படைக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது.

இதிலிருந்து அளவுகோல் கிடைக்கிறது. பருவநிலைச் சின்னம் எழுப்பியவரையே முதலில் கட்டுப்படுத்த வேண்டும். அது நிற்க வேண்டிய இடம் சுற்றுலாத் திடலைவிட, முடிவுகள் எடுக்கப்படும் இடம். 2015 டிசம்பரில் சென்னையை அடுத்த முடிச்சூரில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. அந்த உயரம் தெருமுனையில் ஒரு சாதாரணக் கல்லில் பொறிக்கப்படட்டும். அதே அளவு, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அலுவலகத்திலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் மனை வாங்குபவர் கண்ணில் படட்டும். கடலோரக் குப்பங்களில் கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பது ஆண்டுதோறும் குறிக்கப்படட்டும். அந்தக் கோட்டைத் தாண்டி அரசு எதற்கும் அனுமதி தராதிருக்கட்டும்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது மனத்தை உறுத்துவது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத் தாழ்ந்த இடத்தில் மனை வாங்கியவர் ஏழையோ நடுத்தரக் குடும்பமோதான். தெருமுனைக் கல் அவருடைய ஒரே சொத்தின் விலையை விழச்செய்யும். அந்த இழப்பு மெய்யானது. ஆனால் கல்லை மறைத்தால் இழப்பு மறையாது. அறியாமல் வாங்கும் அடுத்த குடும்பத்தின் தலையில் விழும். உண்மையைச் சொல்வதன் விலையை அவர் மட்டும் சுமக்கக் கூடாது. நீர்வழியை மனையாக்கி விற்றவரும் அதற்கு ஒப்புதல் தந்தவரும் சுமக்க வேண்டும். இழப்பீடும் மாற்றிடமும் இல்லாமல் எச்சரிக்கை மட்டும் நடுவது, ஆபத்தைக் காட்டிவிட்டுக் கைகழுவுவதாகும்.

ஆகவே மாமல்லபுரத்தில் சின்னம் வேண்டாம் என்பதில்லை. மீனவர் மணலைத் தொடாமல், உண்மையை மிகைப்படுத்தாமல், எழுப்பும் அரசையும் நிறுவனங்களையும் ஓர் எல்லைக்குள் நிறுத்துவதாக இருந்தால் எழுப்பலாம். அந்த எல்லையை ஏற்கத் துணிவில்லாதவர்களுக்குக் கல் நட உரிமை இல்லை.